காளான் வழக்கும் மோர் சாதமும்

கோர்ட் செய்திக்கு முதல் தடவை போகிற பிள்ளைகளுக்கு ஒன்று சொல்கிறேன். நேராக உள்ளே போய் உட்காராதீர்கள். வெளியே ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போங்கள். மரத்தடியில் யார் யார் காத்திருக்கிறார்கள், அவர்கள் கையில் என்ன பேப்பர் இருக்கிறது என்று பாருங்கள். இப்போது பேப்பர் இருக்காது, போன் இருக்கும். அதையும் பாருங்கள்.

இன்னும் சாட்சி சொல்லாதவர்களை விசாரணை நடக்கும்போது உள்ளே விடமாட்டார்கள். ஒருவர் சொன்னதைக் கேட்டு இன்னொருவர் அதையே சொல்லிவிடக் கூடாது அல்லவா? டவாலி போட்ட ஆள் வாசலில் நின்று விரட்டிக்கொண்டே இருப்பார். இவ்வளவு காபந்தும் சாயங்காலம் வரைக்கும்தான். மறுநாள் காலையில் உள்ளே நடந்ததையெல்லாம் நாமே அச்சடித்து, அவர்கள் டீ குடிக்கிற இடத்துக்கே கொண்டுபோய்ப் போட்டுவிடுகிறோம். இதில் என்ன வந்துவிடப் போகிறது என்றுதான் நானும் இருந்தேன். ஒரு வழக்கு வரும் வரைக்கும்.

என்னை உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். எனக்கு உட்கார வராது, இந்தக் கதையைச் சொல்லும்போது சுத்தமாக வராது. நடந்துகொண்டே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூற்றொன்றில் நான் ஸ்ரீபெரும்புதூருக்குப் பகுதி நேர நிருபர். அந்த வருடம் மே மாதத்துக்கு முன்பு, சென்னையில் எங்கள் செய்திகளைத் திருத்தி அச்சுக்கு அனுப்பும் டெஸ்க்கில் பாதிப் பேருக்கு எங்கள் ஊர் பூந்தமல்லிக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரியாது. அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உலகத்துப் பேப்பர்காரர்கள் எல்லாம் வந்து எங்கள் பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துவிட்டுப் போனார்கள். அவர்கள் போன பிறகும் டெஸ்க்குக்குப் பசி அடங்கவில்லை. எங்கள் ஊர்ப் பெயரைத் தலைப்பில் போட்டால் பேப்பர் போகும் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். எதையாவது அனுப்பு, சூடாக அனுப்பு என்று தினம் நச்சரிப்பு. அந்த நேரம் பார்த்து செங்கல்பட்டு செஷன்ஸ் கோர்ட்டில் காளான் வழக்கு விசாரணைக்கு வந்தது.

வல்லக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். இன்றைக்கு அங்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டி நிற்கின்றன. அன்றைக்கு ஏரியும் வேர்க்கடலைக் கொல்லையும்தான். முந்தைய வருடத்து மழையில் ஒரு நாள், மல்லிகாவின் கொழுந்தன் ஏரிக்கரையிலிருந்து காளான் பறித்து வந்தான். மல்லிகா குழம்பு வைத்தாள். மாமியாரும் கொழுந்தனும் சாப்பிட்டார்கள். புருஷன் நைட் ஷிப்டுக்குப் போயிருந்தான். மல்லிகா சாப்பிடவில்லை. விடிவதற்குள் இருவருக்கும் வாந்தி, பேதி. ஆஸ்பத்திரியில் அடுத்தடுத்து இரண்டு பேரும் செத்துப்போனார்கள்.

கொல்லையை விற்கிற விஷயத்தில் மாமியாருக்கும் மருமகளுக்கும் சண்டை என்று ஊருக்கே தெரியும். கொழுந்தன் பறித்த நல்ல காளானோடு இவள் விஷக் காளானைக் கலந்துவிட்டாள் என்பது போலீஸ் கட்சி. ஆய்வுக்கூடத்து அறிக்கை எதையும் அடித்துச் சொல்லவில்லை. ஆகவே வழக்கு முழுவதும் ஒரே கேள்வியில் வந்து நின்றது. தான் வைத்த குழம்பைத் தானே ஏன் தொடவில்லை?

மல்லிகா தரப்பில் சொன்ன பதில், அன்று கிருத்திகை. பிள்ளை வரத்துக்காக வல்லக்கோட்டை முருகனுக்கு நேர்ந்துகொண்டு, பிள்ளை பிறந்த பிறகும் விடாமல் கிருத்திகைதோறும் உபவாசம் இருக்கிறாள். அன்று தண்ணீரைத் தவிர எதுவும் வாயில் படவில்லை. உபவாசம் உண்மை என்றால் அவள் வீட்டுக்குப் போவாள். பொய் என்றால் ஆயுள் தண்டனை, தூக்கே கேட்கப்போவதாக அரசு வக்கீல் வராந்தாவில் சொல்லிக்கொண்டிருந்தார். மல்லிகா ஜெயிலில் இருந்து வரும்போது இடுப்பில் ஒரு பெண் குழந்தை இருக்கும். சம்பவத்தின்போது பால்குடி. ஜெயிலிலேயே நடை பழகியது. கூண்டுக்குக் கீழே உட்கார்ந்து கம்பியைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டால் எனக்குக் குறிப்பெடுக்கக் கை ஓடாது.

முதல் முக்கிய சாட்சி, நோயாளிகளை வண்டி வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பக்கத்து வீட்டுக்காரர். "நான் போய்ப் பாத்தப்போ அந்தம்மா நல்லாத்தான் கீதுங்க. கொழம்பு சாப்டலன்னு அதுவே சொல்லுச்சிங்க" என்றார். அவ்வளவுதான். அப்போது செய்தியை எழுதி கவரில் போட்டு, சென்னை போகிற பஸ் டிரைவர் கையில் கொடுத்து அனுப்புவோம். டெஸ்க்கிலிருந்து ஆள் வந்து பஸ் ஸ்டாண்டில் வாங்கிக்கொள்வார். நான் எழுதிய வரி, "மல்லிகா குழம்பு சாப்பிடவில்லை என்று சாட்சி கூறினார்."

காலையில் பேப்பரைப் பிரித்தால், "குடும்பமே காளான் குழம்பைச் சாப்பிட்டுக்கொண்டிருக்க, மல்லிகா மட்டும் மூலையில் உட்கார்ந்து எலுமிச்சை ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு மோர் சாதம் சாப்பிட்டார் என்று சாட்சி கூறியதும் கோர்ட்டில் பரபரப்பு ஏற்பட்டது."

மோரும் இல்லை, சாதமும் இல்லை, பரபரப்பும் இல்லை. கோர்ட்டில் அப்போது முக்கால்வாசிப் பேர் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. டெஸ்க்குக்குப் போன் போட்டேன். எடுத்தவர்தான் என் செய்திகளைப் பார்க்கும் உதவி ஆசிரியர். எனக்கு எழுதக் கற்றுக்கொடுத்தவரும் அவர்தான், அதையும் மறைக்கக் கூடாது.

"மோர் சாதம் எங்க சார் வந்துச்சு?"

"இன்னாப்பா, கொழம்பு சாப்டலன்னா வேற இன்னா சாப்ட்டான்னு படிக்கிறவன் கேப்பானா மாட்டானா? வெறும் வயித்தோட படுத்தான்னா யாரு நம்புவா?"

"உபவாசம்னுதான் சார் அவங்க கேஸே. நம்ம வரி அதையே ஒடைக்குது. திருத்தம் போடுங்க."

"ஊறுகாய்க்குத் திருத்தம் போடச் சொல்றியா? சிரிப்பானுங்கப்பா. போய் அடுத்த சாட்சியப் பாரு."

டெஸ்க்கில் இருப்பவர்களுக்கு இது ஒரு வியாதி. வெறும் தகவலை அனுப்பினால் தாளிக்காமல் விடமாட்டார்கள். இறந்தார் என்றால் 'துடிதுடித்து', ஓடினார் என்றால் 'தலைதெறிக்க'. அதுவரை யாருக்கும் நஷ்டம் இல்லாததால் நாங்களும் சிரித்துக்கொண்டு விட்டுவிடுவோம். இந்தத் தடவை எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் போனை வைத்த பிறகு நான் செய்வதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

அடுத்த வாய்தாவில் சரோஜா கூண்டில் ஏறினாள். மல்லிகாவின் எதிர்வீடு. கிராமத்துக்குள் திரும்புகிற ரோட்டு முனையில் புருஷனோடு டீக்கடை வைத்திருந்தாள். நெடுநெடுவென்று உயரம், தலையை நேராக வைத்துப் பேசுகிற பெண். குழம்பு வாசனை வந்தது, ராத்திரி சத்தம் கேட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவள், அரசு வக்கீல் கேட்காமலே அதைச் சொன்னாள்.

"அந்தப் பொண்ணு மூலையில குந்திக்கினு மோர் சோறு சாப்ட்டுக்கினு இருந்துச்சிங்க. எலுமிச்சங்கா ஊறுகா தொட்டுக்கினு. எங்க வூட்டு ஜன்னல்லருந்து பாத்தா நல்லா தெரியும்."

அரசு வக்கீலே ஒரு நிமிடம் அசந்துபோனார். பிறகு அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. உபவாசம் செத்துவிட்டது. மூலை, மோர், எலுமிச்சை எல்லாம் எங்கள் பேப்பரில் வந்த வரிசையிலேயே வந்திருந்தன. நான் மல்லிகாவைப் பார்த்தேன். அவள் சரோஜாவைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டு குழந்தையின் முடியைக் கோதிக்கொண்டிருந்தாள். இப்படியும் பொய் சொல்வார்களா என்று நொறுங்கிப்போயிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டு இடைவேளை விட்டார்கள். திரும்பி வந்ததும் குறுக்கு விசாரணை. எனக்கு இருந்தது அந்த இடைவேளைதான். கோர்ட் வாசலில் இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன்.

"நீங்க சேத்த வரிய சாட்சி ஒப்பிக்குது சார். நான் வக்கீல்கிட்ட சொல்லப்போறேன்."

பதில் நிதானமாக வந்தது. "இன்னான்னு சொல்லுவ? எங்க பேப்பர்ல பொய் எழுதுவோம்னா? நீ ரிப்போர்ட்டர்ப்பா. சாட்சி இல்ல. பெஞ்சுல குந்திக்கினு நடக்கிறத எழுது. அந்த ஏரியாவுக்கு எவ்ளோ பேரு அப்ளிகேசன் போட்டு வச்சிக்கினு கீறாங்க தெரியுமா?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் என்று இன்றைக்கும் சொல்வேன். நடக்கிற செய்திக்குள் நிருபர் காலை விடக் கூடாது. விட்டவன் அதற்குப் பிறகு எதையும் வெளியே நின்று பார்க்க முடியாது. கோர்ட் மரத்தடியில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்தேன். வாங்கிய டீயை எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை. காலை விடக் கூடாது என்பது சரி. ஆனால் எங்கள் பேப்பரின் கால் ஏற்கனவே உள்ளே இருந்தது. ஒரு குழந்தையின் அம்மா மேல் மிதித்துக்கொண்டு நின்றது. அதை எடுப்பதும் காலை விடுவதும் ஒன்றா? மணி அடித்தார்கள்.

மல்லிகாவின் வக்கீல் இலவச சட்ட உதவியில் வந்தவர், ஒல்லியான மனிதர், பேப்பர் படிக்க நேரம் இல்லாதவர். பேப்பரை அவர் கையில் கொடுத்து வரியைக் காட்டினேன்.

"இத கோர்ட்ல யாரும் சொல்லல சார். டெஸ்க்ல சேத்தது."

அவர் இரண்டு தடவை படித்தார். "கூண்டுல ஏறிச் சொல்லுவீங்களா?"

"கூப்பிட்டா சொல்றேன்."

குறுக்கு விசாரணை நீளவில்லை. "உனக்குப் படிக்கத் தெரியுமா?" என்று ஆரம்பித்தார் வக்கீல்.

"தெரியாதுங்க."

"கடைக்குப் பேப்பர் வருதா?"

"வருதுங்க. எங்க வூட்டுக்காரர் சத்தமா படிப்பாரு. டீ குடிக்க வர்றவங்க கேப்பாங்க."

"நீயும் கேப்ப."

"காது இருந்தா கேக்கும்ல."

"இந்த மோர் சாதத்தைப் போலீஸ்ல ஏன் சொல்லல?"

"அவங்க அத கேக்கல. கொழம்பப் பத்தியே கேட்டாங்க."

வக்கீல் பேப்பரை எடுத்து அந்த வரியை மெதுவாகப் படித்தார். மூலை, எலுமிச்சை, மோர் சாதம். நீதிபதி முதல் சாட்சியின் வாக்குமூலத்தைப் புரட்டிப் பார்த்தார். அதில் அந்த வரி இல்லை. சரோஜாவுக்கு என்ன நடக்கிறது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் கூண்டின் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே நான் பாத்தேன் சாமி. கண்ணால பாத்தேன்."

கோர்ட்டே சிரித்தது. நானும் சிரித்தேன். வெற்றி வந்துவிட்டால் மனிதனுக்கு வாய் தானாகத் திறந்துகொள்கிறது.

பிறகு என்னையும் மல்லிகா தரப்புச் சாட்சியாகக் கூப்பிட்டார்கள். ஏறினேன், நான் எழுதியது இது, அச்சில் வந்தது இது என்று சொன்னேன், இறங்கினேன். அன்று சாயங்காலமே வேலை போனது. அடையாள அட்டையை அதே பஸ் டிரைவர் கையில் கவரில் போட்டு அனுப்பச் சொன்னார்கள். உதவி ஆசிரியர் அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இந்தத் தொழிலில் எனக்கு அவ்வளவு வலித்தது வேறு எதுவும் இல்லை.

தீர்ப்பு நாளில் பேப்பர் இல்லாத ஆளாகப் போய்ப் பொதுமக்கள் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். விடுதலை. சரோஜாவின் சாட்சியத்தைப் பத்திரிகையைக் கேட்டு ஒப்பித்தது என்று நீதிபதி தள்ளியிருந்தார். மல்லிகா அழவில்லை. குழந்தையைத் தூக்கி, அதன் கால் செருப்பைச் சரிசெய்து போட்டுவிட்டாள்.

ஸ்ரீபெரும்புதூர் பஸ்ஸில் பார்த்தால் எனக்கு முன் சீட்டில் அவள், அவளுடைய அம்மா, குழந்தை. சுங்குவார்சத்திரம் பக்கம் அம்மா வீட்டுக்குப் போகிறார்கள். புருஷன் வரவில்லை, அவன் எந்தப் பக்கமும் சேராமல் ஒதுங்கிப் பல நாள் ஆகியிருந்தது. ஒரகடம் தாண்டியதும் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சேலைத் தலைப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். அவளுடைய ஊர் முனையில் பஸ் நின்றது. சரோஜாவின் டீக்கடைக்கு நேர் எதிரே. சரோஜா பாய்லருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். கடை வாசலில் இருந்த ஒருத்தன், "இன்னா பேப்பர் சரோஜா, இன்னிக்கி இன்னா நூஸு?" என்று கேட்டது பஸ்ஸுக்குள் எங்களுக்கும் கேட்டது. நாலு பேர் சிரித்தார்கள். அவள் நிமிரவே இல்லை.

பஸ் கிளம்பியது. மல்லிகா திரும்பி என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க இப்ப பேப்பர்ல இல்லதானே?"

"இல்லம்மா. எடுத்துட்டாங்க."

பக்கத்தில் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். அவள் அம்மா ஜன்னல் கம்பியில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"அது பொய் சொல்லலண்ணா."

எனக்கு முதலில் விளங்கவில்லை.

"அன்னிக்கி மோர் சோறு சாப்ட்டேன். காலைலருந்து பட்டினி, புள்ளைக்குப் பால் குடுக்கணும், கண்ண இருட்டிக்கினு வந்துச்சு. ஒரு கை சாப்ட்டா முருகன் கோச்சிக்க மாட்டாருன்னு சாப்ட்டேன். வக்கீல்கிட்ட சொல்ல பயம். உபவாசம்னு சொல்லிட்டு சோறு தின்னேன்னா எவன் நம்புவான்? சரோஜாக்கா பாத்துச்சு. ஜன்னல்ல நின்னுக்கினு இருந்துச்சு." குழந்தையை மடியில் திருப்பிப் போட்டுக்கொண்டாள். "ஊறுகா மட்டும் இல்ல."

ஊறுகாய் மட்டும் இல்லை. பார்த்ததோடு, கேட்டதையும் சேர்த்துக்கொண்டிருக்கிறாள் சரோஜா. அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. எங்கள் உதவி ஆசிரியர் கை போன போக்கில் அடித்துவிட்ட சாதம் நிஜமாகவே அங்கே இருந்திருக்கிறது.

அதோடு விடாமல் கேட்டேன். நிருபர் வேலை போனாலும் நிருபர் புத்தி போகாது. "சோறு சாப்ட்டியே, கொழம்ப ஏம்மா தொடல?"

அவள் என்னையே பார்த்தாள். "கிருத்திகைண்ணா. காளானும் கவுச்சிதானே?" என்றாள். எங்கள் பக்கத்தில் நிறைய வீடுகளில் காளானை அசைவத்தோடுதான் சேர்ப்பார்கள், விரதம் இருப்பவர்கள் தொடமாட்டார்கள். சொல்லிவிட்டுத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். ஸ்ரீபெரும்புதூர் வரும் வரை திரும்பவில்லை.

அந்தப் பதிலை நம்புகிறேனா என்று கேட்பீர்கள். பெரும்பாலான நாட்களில் நம்புகிறேன். மழை பெய்து, மார்க்கெட்டில் யாராவது காளானைக் கூறு கட்டி வைத்திருப்பதைப் பார்க்கிற நாட்களில் நடையைக் கட்டிவிடுகிறேன். ஆனால் இதைச் சொல்லத்தான் உங்களை இவ்வளவு நேரம் உட்கார வைத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள்.

சில மாதம் கழித்து வேறு ஒரு பேப்பரில் சேர்ந்தேன். அதே ஏரியா, அதே பஸ். ஒரு நாள் அந்த முனையில் இறங்கினேன். ஏன் இறங்கினேன் என்று கேட்டால் தெரியாது, பஸ் நின்றது, இறங்கிவிட்டேன். கடையில் பெஞ்ச் காலியாக இருந்தது. பேப்பர் கிடந்த இடத்தில் பேப்பர் இல்லை. புருஷன் படிப்பதை நிறுத்திவிட்டிருந்தான். சரோஜா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். டீ ஆற்றிக் கொண்டுவந்து வைத்தாள். போகிறாள் என்று நினைத்தேன், போகவில்லை.

"நீங்க சொன்னீங்களே, கூண்டுல. நீங்க எழுதலன்னு. அது நெசமா?"

"நெசம்மா."

"நான் சொன்னதும் நெசம்ணா. ஊரே என்னப் பாத்து சிரிக்குது. என் புள்ளைங்க ஸ்கூல்லருந்து அழுதுக்கினு வருதுங்க. நான் பாத்தேன்."

அரசு அப்பீல் போட இன்னும் அவகாசம் இருந்தது. நான் ஒரு வார்த்தை சொன்னால் அது அன்று சாயங்காலத்துக்குள் அந்த ரோடு முழுக்கப் போய்விடும். மல்லிகாவும் அந்தக் குழந்தையும் திரும்பவும் கம்பிக்குள். சொல்லாமல் இருந்தால் எதிரே நிற்கிற இவள் பேப்பர் சரோஜா. இரண்டையும் வைத்துக்கொண்டு ஒரு கிளாஸ் டீக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன்.

"தெரியும்மா" என்றேன். வாய் தவறித்தான் வந்தது.

சரோஜா கையில் இருந்த துணியைக் கீழே வைத்தாள். அந்தத் தலை, கூண்டில் ஏறிய அன்று இருந்த மாதிரி, நேராக நிமிர்ந்தது.

"எப்பிடித் தெரியும்?" என்றாள்.

ரோட்டில் பஸ் ஏதும் வருகிறதா என்று பார்த்தேன். அவள் பதிலுக்காக நின்றுகொண்டிருந்தாள். நான் டீயை எடுத்துக் குடிக்க ஆரம்பித்தேன்.